படிக்கப் போன வீடுகள்

வெள்ளிமலைப் பக்கம் படிப்பு என்றாலே வீட்டை விட்டுப் போவதுதான். கல்வராயன் மலையில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒரு காடு கிடக்கும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் இறங்க முடியாத ஓர் ஓடை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டினால் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னாட்டுக்கோ கரியாலூருக்கோ போய்த் தங்க வேண்டும். நானும் அப்படிப் போனவள்தான். முதலில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, பிறகு சமவெளியில் கல்லூரி, அப்புறம் டெல்லியில் ஸ்பானிய மொழியில் முதுகலை. அந்தப் படிப்பின் நடுவில் ஒரு செமஸ்டர் ஸ்பெயினில், சாலமாங்கா என்ற பழைய பல்கலைக்கழக ஊரில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு விதவை அம்மாளின் வீட்டில் தங்கிப் படித்தேன்.

அடுத்தவர் வீட்டில், அந்த வீட்டாரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் படித்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அதுவரை எனக்குச் சோறு போட்டது அரசாங்கம். படிக்க வந்த பிள்ளைக்கு வீட்டில் சோறு போடும் வழக்கம் தமிழ்நாட்டில் இல்லையா என்றால், தாராளமாக இருந்தது. யாருக்கு இருந்தது என்பதைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வழக்கத்துக்கு வாரச் சாப்பாடு என்று பேர். கும்பகோணம் போல ஆங்கிலப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் வந்த ஊர்களுக்கு, சுற்றுவட்டாரத்து அக்கிரகாரங்களிலிருந்து ஏழைப் பையன்கள் வந்து சேர்வார்கள். திங்கட்கிழமைக்கு ஒரு வீடு, செவ்வாய்க்கு ஒரு வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீடு பிடிக்க வேண்டும். ஒரு வீட்டில் தீட்டு என்றாலோ, வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டாலோ அன்றைக்குப் பட்டினி. வக்கீலாகவும் வாத்தியாராகவும் தாசில்தாராகவும் ஆன எத்தனையோ பேர் அந்த ஏழு வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர்கள். அதில் இருந்த தருமத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வாசலில் நின்ற பையனிடம் முதலில் கேட்ட கேள்வி எந்தப் பாடம் படிக்கிறாய் என்பதல்ல. என்ன கோத்திரம் என்பது.

சாதி மாறினால் குருவின் வீட்டிலேயே சோறு கிடையாது. உ.வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். குரு வேளாளர், சீடர் அந்தணர். 1876இல் குரு மறையும்வரை நிழல்போல் கூடவே இருந்தவர் அவர். அப்பேர்ப்பட்ட பிணைப்பு. இருந்தும் பாடம் ஓர் இடத்தில், சாப்பாடு ஓர் இடத்தில். இருவரில் யாருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை, காலம் அப்படி.

ஐம்பது வருஷம் கழித்து அது குறையாகத் தோன்றியது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளியே வந்தது. சொன்னவர்களில் ஒருவர், பின்னாளில் முதலமைச்சரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன். அங்கே படித்துக்கொண்டிருந்த பையன். ஓமந்தூர் எங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டம் என்பதால் எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் விடவில்லை. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு, மீற மாட்டேன் என்றார் ஐயர். அவர் மட்டும் எல்லாரோடும் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். சண்டை முற்றி, காங்கிரஸே இரண்டுபட்டது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் ஐயர் இறந்துபோனார்.

இதே ஐயர் லண்டனில் சட்டம் படித்தபோது தங்கிய இடம் ஹைகேட்டில் இருந்த இந்தியா ஹவுஸ். 1905இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா திறந்த மாணவர் விடுதி அது. தோல் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திய வீடுகள் லண்டனில் இருந்ததால்தான் அப்படி ஒரு விடுதி தேவைப்பட்டது. அங்கே இருந்து வந்தவருக்கு இரண்டு பையன்களின் தனி இலை ஏன் உறுத்தவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சிறுகதையும் கட்டுரையுமாகத் தமிழுக்கு அவ்வளவு கொடுத்த மனுஷர்.

வீடு கிடைக்காதவர்கள் விடுதி கட்டினார்கள். டாக்டர் நடேச முதலியார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிட இல்லத்தைத் தொடங்கினார். பட்டணத்துக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்கள் தங்க இடமில்லாமல் திண்டாடியதைப் பார்த்துச் செய்தது. அதே 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் விடுதியின் வரலாறு என்பது, திறக்காத வீடுகளின் வரலாறுதான். எங்கள் மலைப் பள்ளிக்கூடமும் அந்த வரிசையில் கடைசியாக வந்து நின்றது.

கல்வராயன் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பெரும்பாலோர் மலையாளிகள்; கேரளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாகக் கிளம்பி வந்து, ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டோம் என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லும் கதை. மலையைச் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்கள் ஆண்டார்கள். ஏருக்கு வரி, கொத்துக்கு வரி என்று தாத்தா சொல்லுவார்; கொடுத்த வரிக்கு ரசீது பார்த்ததில்லை என்றும் சொல்லுவார். நாடு 1947இல் விடுதலை அடைந்தது. ஜாகிர் முறை முழுசாக ஒழிந்து மலை அரசின் கைக்கு வந்தது 1976இல். நடுவில் போன அந்த 29 வருஷத்தில் கீழே கள்ளக்குறிச்சியில் ஒரு தலைமுறை எஸ்.எஸ்.எல்.சி. முடித்து உத்தியோகத்துக்கே போய்விட்டது.

நான் சேர்ந்த காலத்தில் உறைவிடப் பள்ளி என்பது பகலில் வகுப்பறை, ராத்திரியில் படுக்கையறை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாயை விரிப்போம். வட்டிலை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். சமையலம்மா கரண்டியால் வட்டிலின் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார், அடுத்த ஆள் நகர வேண்டும் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஆயா நடந்து வருவாள், முந்தானையில் வறுத்த பலாக்கொட்டையோடு. அப்பாவும் அம்மாவும் மிளகு பறிக்கக் குடகுப் பக்கம் போய்விட்டால் அந்த ஞாயிறும் கிடையாது. மரவள்ளி பிடுங்கும் காலத்திலும் கடுக்காய் பொறுக்கும் காலத்திலும் பாதிப் பேரைக் காணாது. திரும்பி வருகிறவர்கள் வருவார்கள், வராதவர்களின் பெயரை வாத்தியார் கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார். குறை சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அந்த வரிசையில் நின்றபோது யாருடைய தயவிலும் நிற்கவில்லை.

தயவு என்றால் என்ன என்பது கல்லூரிக்குப் போனபோது தெரிந்தது. விடுதியில் இடம் கிடைக்கத் தாமதமானது. அப்பாவும் நானும் கீழே ஒரு டவுனில் அறை தேடினோம். "எந்த ஊரும்மா?" வெள்ளிமலைப் பக்கம் என்று சொல்வோம். "மலையா? அப்ப நீங்க என்ன ஆளுங்க?" சொல்வோம். ஒரு வீட்டில் அறை காலி இல்லை என்றார்கள்; வாசலில் வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில், பின்பக்கம் தங்கிக்கொள்ளலாம், சமையலறைப் பக்கம் வரக்கூடாது, வாடகையைக் குறைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்த அம்மா அன்பாகத்தான் சொன்னார். அப்பா "யோசிச்சிச் சொல்றோம்மா" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். விடுதி கிடைக்கும்வரை ஒரு சிநேகிதியின் அறையில் ஒண்டிக்கொண்டேன்.

சாலமாங்கா போவதற்கு முன்னால் அந்த ஊரின் பழங்கதையைப் படித்தேன். அங்கேயும் இதே கதைதான், நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி. பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது. ஸ்பெயினில் இன்றுவரை நடப்பவற்றில் அதுதான் மூத்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பையன்கள் வந்து குவிந்தார்கள். பணக்காரப் பிள்ளைகள் வேலைக்காரர்களோடு வீடெடுத்துத் தங்கினார்கள். நடுத்தரப் பிள்ளைகளுக்கு 'பூபிலாஹே' என்ற தங்கும் வீடுகள். பட்டம் பெற்ற ஒருவர் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கி வீடு நடத்துவார். படுக்கை, சாப்பாடு, ராத்திரி கதவடைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. சாப்பாட்டில் எவ்வளவு இறைச்சி இருக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி வைத்தார்கள். விதி வைத்தார்கள் என்றாலே வயிற்றில் அடித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். கெவேதோ 1626இல் அச்சில் வந்த தன் 'பூஸ்கோன்' நாவலில், தன்னிடம் தங்கிய பையன்களைப் பட்டினி போட்டே தேய்க்கும் காப்ரா என்ற ஆளைக் காட்டுகிறார். அந்த வீடு செகோவியாவில் இருப்பதாகக் கதை. சாலமாங்காக்காரர்கள் அதைத் தங்கள் ஊர் வீடு என்றே நினைத்துச் சிரித்திருப்பார்கள்.

ஏழை மாணவர்களுக்கென்று 'பெருங்கல்லூரிகள்' என்ற இலவச உறைவிடங்கள் எழுந்தன. முதலாவதான சான் பார்த்தொலொமே 1401இல் வந்தது. போகப்போக அவற்றில் நுழைய ஒரு நிபந்தனை கடுமையாயிற்று. ரத்தத் தூய்மை. யூதரோ முஸ்லிமோ உன் வம்சத்தில் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். கல்லூரி ஆளனுப்பும், அவர் பையனின் பூர்வீக ஊருக்கே போய், கிழவர்களைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கி, இவன் தாத்தா யார், பாட்டி எந்தக் குடும்பம் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வருவார். ஏழைகளுக்காகக் கட்டியது கடைசியில் வம்சம் காட்ட முடிந்த பிரபு வீட்டுப் பிள்ளைகளின் கூடாரமானது. இந்த ரத்தச் சான்று ஸ்பெயினின் சட்டத்திலிருந்து முழுதாக நீங்க 1865 ஆயிற்று.

படித்தபோது எனக்கு எங்கள் ஊருக்கு வந்த விசாரணைதான் நினைவில் ஓடியது. பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பது வருவாய்க் கோட்டாட்சியர். அதற்காக வந்தவர்கள் என் தாத்தாவிடம் சாமி எது, கல்யாணத்துக்கு என்ன சடங்கு என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். சாலமாங்காவில் அவற்றைக் கேட்டது வாசலை அடைக்க. எங்களிடம் கேட்டது திறக்க. அந்தக் காகிதம் இல்லாமல் நான் டெல்லிவரை போயிருக்க முடியாது.

இன்றைக்கு வெளிநாட்டு மாணவர்கள் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் ஏற்பாடு புதுசு. நூறு வருஷந்தான் ஆகிறது. முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்து திரும்பிய ரேமண்ட் கிர்க்பிரைட் என்ற பேராசிரியர், 1923இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்திலிருந்து எட்டு மாணவர்களைக் கப்பலேற்றிப் பிரான்சுக்குக் கூட்டிப் போனார். அவர்கள் பிரெஞ்சுக் குடும்பங்களோடு தங்கினார்கள். 1932இல் டொனால்ட் வாட் தொடங்கிய ஓர் அமைப்பு, குடும்பத்தோடு தங்குவதையே கல்வி ஆக்கியது. ஸ்பெயினுக்கு இந்த அலை பெரிதாக வந்தது ஃபிராங்கோ காலத்தில், அமெரிக்காவோடு 1953இல் ஒப்பந்தம் ஆன பிறகு. போரில் கணவனை இழந்தவர்கள், ஓய்வூதியம் போதாதவர்கள், பெரிய வீடும் சின்ன வருமானமும் உள்ளவர்கள் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். டாலர் வந்தது. 1987இல் ஐரோப்பா எராஸ்மஸ் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் வருஷம் போனவர்கள் 3,244 பேர். அதன் பிறகு செமஸ்டர் வெளியூரில் என்பது அங்கே சாதாரணம் ஆகிவிட்டது.

எனக்கு வாய்த்த அம்மாளின் அம்மாவும் மாணவர்களை வைத்துச் சோறு போட்டவர்தான். கூடத்தில் ஒரு வட்ட மேசை. அதன் மேல் தரைவரை தொங்கும் கனத்த துணி. மேசைக்கு அடியில், கால்களுக்கு நடுவே ஒரு மரத்தட்டு, அதன் நடுவில் மின்சாரக் கணப்பு. அந்த அம்மாளின் சின்ன வயதில் அங்கே பித்தளைச் சட்டியில் கரி நெருப்பு இருந்ததாம். துணியைத் தூக்கிக் காலை உள்ளே விட்டுவிட்டு மடியில் இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழே வெயில், மேலே ஜனவரி. சாலமாங்கா 800 மீட்டர் உயரம், எங்கள் மலையும் அந்த வாக்கில்தான். மார்கழியில் எங்கள் வீட்டில் அடுப்பைச் சுற்றிக் குந்துவது போலவே அந்த மேசையைச் சுற்றித்தான் குடித்தனம். படிப்பது, பருப்பு பொறுக்குவது, டி.வி. பார்ப்பது, என் வினைச்சொற்களைத் திருத்துவது எல்லாம் அங்கேதான். பாடப்புத்தகம் சொல்லித்தராத இறந்தகாலத்தை அந்த மேசை சொல்லித்தந்தது. செத்துப்போன கணவரைப் பற்றி அந்த அம்மாள் ஒரு காலத்திலும், நேற்று வந்த கேஸ் சிலிண்டர்காரனைப் பற்றி இன்னொரு காலத்திலும் பேசுவார்.

போன முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்தார். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, வாரத்துக்கு ஒரு தடவை துணி துவைப்பு. மதியச் சாப்பாட்டுக்கு வராவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குளிக்கும்போது வெந்நீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பாட்டுப் பாடக்கூடாது. இவ்வளவுதான். யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். காஸ்தீலியக் கிராமத்துக் கிழவிகள் எல்லாரும் கேட்பதுதான் அது. நான் சொன்ன பதில் எதுவும் மேசையில் என் இடத்தை மாற்றவில்லை. பக்கத்து அறையில் மொராக்கோவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் வந்த பிறகு பருப்புக் குழம்பு இரண்டு சட்டியில் கொதித்தது, ஒன்றில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, ஒன்றில் இல்லாமல். பேரன்மாரின் பாட்டனார் எவர் என்று ஊர் ஊராகப் போய் விசாரித்த நகரம் அது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் கேட்கவில்லை.

ஒருநாள் சூப்பில் உப்பு கூடிவிட்டது. நான் பேசாமல் குடித்தேன். பாதியில் அவரே ருசி பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார். "உப்புன்னா உப்புன்னு சொல்லணும். நீ சும்மாவா சாப்பிடுற? காசு குடுக்கிற" என்றார். வாரச் சாப்பாட்டுப் பையன் ஒருவனும் அந்த ஏழு வீட்டில் எந்த வீட்டிலும் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்லியிருக்க மாட்டான்.

அங்கே எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. கறுப்பு நிறத்துப் பெண் என்றதும் வேறு அறை பாருங்கள் என்று சொல்லும் வீடுகள் அங்கேயும் உண்டு; என்னோடு படித்தவர்கள் பட்டிருக்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகம் பட்டியல் வைத்திருக்கிறது. அங்கே பெயர் கொடுத்த வீடு வருகிற ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்தினால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். மனசு நல்லதா என்று யாரும் சோதிப்பதில்லை. ஒப்பந்தம் இருக்கிறது, அது போதும். தருமத்துக்குப் போட்ட சோற்றைவிட, காசுக்குப் போட்ட அந்தச் சோற்றில் எனக்கு மரியாதை அதிகம் கிடைத்தது. பந்தியில் இடம் தேடிய தலைமுறைகளைப் பார்த்தால் இது கசப்பான முடிவாகத் தெரியலாம்; எனக்கு இது நிம்மதியான முடிவு.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆகிவிட்டது. மலையிலிருந்து இறங்கி நர்சிங்கும் பாலிடெக்னிக்கும் கலைக்கல்லூரியும் படிக்க வரும் பிள்ளைகள் ஒவ்வொரு ஜூனிலும் அதிகமாகிறார்கள். எல்லாருக்கும் விடுதியில் இடம் இருப்பதில்லை. கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சாதி கேட்காமல் அறை விடச் சம்மதிக்கும் வீடுகளின் பட்டியலை வைத்திருங்கள். வாடகை, சாப்பாடு, விதிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் பெங்களூரில் இருக்கிறான், மாடி அறை சும்மா கிடக்கிறது என்றால், மலையிலிருந்து வருகிற பிள்ளைக்கு விடுங்கள். நியாயமான வாடகையைக் கறாராகக் கேட்டு வாங்குங்கள். வேறு எதையும் கேட்காதீர்கள்.